சொல்லுக்குப் பதிலாக ஒரு தட்டல்

வெர்டெல் டார்டன் டீச்சரின் வகுப்பறைக்கும் என்னுடையதற்கும் நடுவே இருப்பது சுவர் என்று பள்ளிக்கூடத்தின் வரைபடம் சொல்கிறது. உண்மையில் அது வர்ணம் பூசிய அட்டை. இந்தப் பக்கம் நான் கணிதம் எடுக்கிறேன். அந்தப் பக்கம் அவர் பல வருடங்களாகப் பதினோராம் வகுப்புக்கு இலக்கியம் எடுத்தார். ஒவ்வொரு அக்டோபரிலும் என் மாணவர்கள் சமன்பாடுகளோடு மல்லுக்கட்டும் நேரத்தில் அங்கிருந்து தட்டும் சத்தம் வரும். ஒரு தட்டு, பத்து விநாடி அமைதி, இன்னொரு தட்டு, உடனே இரண்டு.

புதிதாக வந்த பிள்ளை யாராவது எழுந்து வாசலைப் பார்க்கும்.

"சார், யாரோ கதவத் தட்றாங்க."

"கதவு இல்லப்பா, இலக்கியம். நீ உக்காரு."

விஷயம் இதுதான். எங்கள் ஊரான புரூயிட் ஃபெரியைப் பற்றி, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துத் தெற்கிலுள்ள பீச் பழத்தோட்டங்களைப் பற்றி, தொண்ணூறு வருடங்களுக்கு முன் இங்கே வாழ்ந்த ஒரு டாக்டரின் மனைவி ஒரு நாவல் எழுதினார். பெயர் 'நீதிபதியின் தோட்டம்'. அதில் தோட்ட வேலைக்காரக் கறுப்பர் ஒருவர் மேல் பழக்கிடங்கைக் கொளுத்தினார் என்று பழி விழுகிறது. ஊர் ஆண்கள் அவரைச் சிறையிலிருந்து இழுத்துப் போய் ஆற்றங்கரையில் தூக்கில் தொங்கவிடுகிறார்கள். தடுக்கக்கூடிய நீதிபதி வீட்டில் உட்கார்ந்து இரவுச் சாப்பாடு சாப்பிடுகிறார். தூக்கிலிடப்பட்டவர் நூறாம் பக்கத்துக்குள் போய்விடுவார். மீதி இருநூறு பக்கமும் நீதிபதியின் மகளுடைய மனசாட்சி கஷ்டப்படும். அதற்குப் பெயர் ஆழம் என்று விமர்சகர்கள் எழுதியிருக்கிறார்கள்.

கறுப்பர்களைக் குறிக்க வெள்ளைக்காரர்கள் பயன்படுத்திய அந்தச் சொல், இன்று யாரும் வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் அந்தச் சொல், நாவலில் கிட்டத்தட்ட எல்லாப் பக்கங்களிலும் வரும். கெட்டவர்கள் சொல்வார்கள், நல்லவர்களும் சொல்வார்கள். இரக்கம் பொங்கி அழும் இடத்தில்கூட நீதிபதியின் மகள் அதைத்தான் சொல்லி அழுவாள்.

வெர்டெல் தன் வகுப்பில் அந்தச் சொல்லை யாரும் உச்சரிக்க விடமாட்டார். பக்கத்தை விட்டுவிட்டுத் தாண்டவும் மாட்டார். சத்தமாகப் படிக்கும்போது சொல் வரும் இடத்தில் விரல் முட்டியால் மேசையில் ஒரு தட்டு. படிப்பது மாணவன் என்றால் அவனும் தட்ட வேண்டும். "அங்க ஒண்ணு இருக்குன்னு தெரியணும். ஆனா யார் வாயும் அழுக்காக வேணாம்" என்பது அவர் விளக்கம். மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் இதைக் கண்டு பூரித்துப்போய் வேறு பள்ளி ஆசிரியர்களுக்கும் சொன்னார்கள்.

அவருக்கு இந்தத் தட்டல் எங்கிருந்து வந்தது என்பது அலுவலகத்தாருக்குத் தெரியாது. வெர்டெல் கறுப்பர், இதே பள்ளியில் படித்தவர். வெள்ளைப் பிள்ளைகளும் கறுப்புப் பிள்ளைகளும் ஒரே கூரையின்கீழ் உட்கார ஆரம்பித்துச் சில வருடங்களே ஆகியிருந்தன. இலக்கியம் எடுத்தவர் மிஸஸ் கிம்ப்ரோ என்ற வெள்ளைக்கார அம்மாள். வரிசையாக ஆளுக்கு ஒரு பத்தி படிக்க வேண்டும். தன் முறைக்கு எந்தப் பத்தி வரும் என்று வெர்டெல் முன்கூட்டியே எண்ணிப் பார்த்துவிட்டார். அந்தப் பத்தியில் அது இருந்தது. எழுந்து நின்று படித்தார்.

"இன்னும் சத்தமா படிம்மா," என்றாராம் மிஸஸ் கிம்ப்ரோ அன்பாக. "கடைசி வரிசைக்குக் கேக்கல."

அன்று புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோனபோது அதைவிடப் பெரிய விஷயம் காத்திருந்தது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அவருடைய அம்மா அட்டையைப் பார்த்தார். கையைத் துடைக்கவில்லை.

"இதையா சொல்லிக் குடுக்கிறாங்க?"

"ஆமாம்மா. பீச் தோட்டத்துப் பையன் ஒருத்தன—"

"பையனா? பையன்னா எழுதியிருக்கா? அவருக்கு முப்பத்தஞ்சு வயசு. ரெண்டு பொண்ணுங்க. என் தாய்மாமன்டி அவரு. ஈஸம் ரால்ஸ்."

அதற்குமுன் அந்த வீட்டில் அந்தப் பெயர் சொல்லப்பட்டதில்லை. ஆனால் பீச் பழத்துக்குப் பெயர்போன மாவட்டத்தில் அவர்கள் குடும்பத்தில் மட்டும் யாரும் பீச் தின்னமாட்டார்கள். கேட்டால் அலர்ஜி என்பார்கள். மூன்று தலைமுறைக்கு அந்த அலர்ஜி இருந்தது.

ஈஸம் ரால்ஸுக்குக் கல்லறை கிடையாது, ஆறு கொண்டுபோய்விட்டது. உள்ளூர்ப் பத்திரிகை அந்த வாரம் பழத்தின் விலையையும் ஒரு கல்யாணத்தையும் வெளியிட்டிருக்கிறது. வழக்கு இல்லை, விசாரணை இல்லை, மரணப் பதிவு இல்லை. அரசாங்கக் கணக்கின்படி அவர் இன்னும் உயிரோடு இருக்கிறார். இந்த நாவலில் மட்டும்தான் அவர் செத்திருக்கிறார், அதுவும் பெயரில்லாமல், 'பீச் பையன்' என்று.

ஒருமுறை ஆசிரியர் அறையில் நான் கேட்டேன்: "உங்களுக்கு அந்தப் புத்தகம் பிடிக்குமா?"

"அருவருப்பா இருக்கும்."

"அப்புறம் ஏன் வருஷா வருஷம்?"

"கல்லறைக்குப் போறவங்க கல்ல ரசிக்கவா போறாங்க?" என்றார். காபியைக் குடித்து முடித்துவிட்டு, "வேற எங்கயும் அவர் இல்ல. அவ்வளவுதான்" என்றார்.

ஈஸம் தன் சொந்தக்காரர் என்று வகுப்பில் அவர் ஒருநாளும் சொன்னதில்லை. டீச்சருடைய குடும்பம் பாடத்துக்குள் வந்தால் பிள்ளைகள் டீச்சருக்காக முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்வார்கள், புத்தகத்தைப் படிக்கமாட்டார்கள் என்பது அவர் கட்சி. படித்துவிட்டு அவர்களாகவே ஒருநாள் 'இந்த ஆளுக்குப் பேர் என்ன?' என்று கேட்க வேண்டும் என்று காத்திருந்தார். பல வருடங்களில் பலவிதமான கேள்விகள் வந்தன. பழக்கிடங்கு எதைக் குறியீடாகக் குறிக்கிறது என்று கேட்டார்கள். பரீட்சையில் எத்தனை பக்கம் எழுத வேண்டும் என்று கேட்டார்கள்.

ஊருக்கோ நாவல் மேல் கொள்ளை ஆசை. ஊர் எல்லையில் 'நீதிபதியின் தோட்டம் பிறந்த மண்' என்று பெரிய பலகை. ஜூலை மாதம் அதன் பெயரில் திருவிழா. பஸ் பஸ்ஸாக ஆட்கள் வருவார்கள். 'நீதிபதி பை' என்ற பெயரில் பீச் பலகாரம் விற்பார்கள். கல்விக்குழுத் தலைவர் ட்ரிப் லாசிட்டர் வெள்ளை கோட்டும் தொப்பியும் அணிந்து நீதிபதி வேஷம் கட்டி நிற்க, குடும்பங்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளும். பொருத்தமான வேஷம்தான், அசல் நீதிபதி அவருடைய கொள்ளுத்தாத்தா. தூக்கிலிடப்பட்டவர் வேஷம் கட்ட இதுவரை யாரையும் கூப்பிடவில்லை.

தட்டல் வகுப்பறையைவிட்டு வெளியே போனது ஒரு நவம்பரில்.

மலாகாய் ஓக்ஸ் என்ற பையன் அந்த வருடம் வெர்டெல் வகுப்பில் இருந்தான். பெரிய உடம்பு, சின்னக் குரல். பள்ளி வாத்தியக்குழுவில் டியூபா என்ற பெரிய பித்தளைக் குழலை ஊதுபவன். மாலையில் சூப்பர் மார்க்கெட்டில் சாமான்களைப் பையில் போட்டுக் கொடுக்கும் வேலை. அவனுடைய வகுப்பில் படிக்கும் கோல்பி ஸ்ட்ராண்ட் என்ற வெள்ளைப் பையன் ஒருநாள் கடைக்கு வந்தான். பால் கேனை மேடையில் வைத்தான். மலாகாயை நேராகப் பார்த்து, விரல் முட்டியால் மேடையில் ஒரு தட்டு தட்டினான்.

கடை மேலாளர் திரும்பினார். "என்னடா அது?"

"ஒண்ணுமில்ல சார். இங்கிலீஷ் பாடம்."

அவனோடு கூட நின்ற பையன்கள் சிரித்தார்கள். மறுநாள் பள்ளி பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடியில் தட்டினார்கள். அதற்கடுத்து மாணவர்களின் இரும்பு அலமாரிகளில். கறுப்புப் பிள்ளை எது கடந்துபோனாலும் ஒரு தட்டு. அந்த நாவலைப் படிக்காத ஒன்பதாம் வகுப்புக்காரர்களும் கற்றுக்கொண்டார்கள். வெர்டெல் கற்பித்ததில் இவ்வளவு வேகமாகப் பரவியது வேறொன்றும் இல்லை. மலாகாய் மதியச் சாப்பாட்டை உணவுக்கூடத்தில் சாப்பிடுவதை நிறுத்தினான். டியூபாப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான். பிறகு சாப்பிடுவதையே நிறுத்தினான்.

வெர்டெலுக்கு இது கூடைப்பந்து ஆட்டத்தன்றுதான் தெரிந்தது. அன்று அவருக்குப் பாப்கார்ன் விற்கும் முறை. இடைவேளையில் வாத்தியக்குழு எழுந்தது. மலாகாய் டியூபாவைத் தோளில் ஏற்றிக்கொண்டு நின்றான். மாணவர்கள் உட்கார்ந்திருந்த மரப்படிகளிலிருந்து ஒரு தட்டு கேட்டது. பிறகு பத்து. பிறகு அந்தப் பக்கம் முழுக்க. இது ஏதோ உள்ளூர் உற்சாகம் என்று நினைத்து எதிரணியோடு வந்தவர்களும் சேர்ந்து தட்டினார்கள், அவர்களில் பாதிப் பேர் கறுப்பர்கள். மலாகாய் கருவியின் வாயில் வாயை வைத்தபடி ஊதாமல் நின்றான்.

பள்ளியின் முதல்வர் பெட்டிக்ரூ முன்பு கால்பந்துப் பயிற்சியாளர். அவரை இன்றும் எல்லோரும் கோச் என்றுதான் கூப்பிடுகிறோம். அவர் பாப்கார்ன் மேசைக்கு வந்து சாய்ந்துகொண்டார்.

"பசங்க இன்னிக்கு நல்ல வேகத்துல இருக்காங்க, என்ன வெர்டெல்?"

"கோச், அது என்னோட தட்டல்."

"அருமை, அருமை," என்றார் கோச், பாப்கார்னை மென்றுகொண்டே.

மறுநாள் வெர்டெல் மலாகாயை வகுப்பு முடிந்ததும் நிறுத்தினார். சுவர் அட்டை என்று சொன்னேன் அல்லவா, என் காதிலும் விழுந்தது.

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"என்னன்னு சொல்றது மிஸ் டார்டன்? மேசையத் தட்டுனாங்கன்னா?"

"சொல்லியிருந்தா நான்—"

"அந்தச் சொல்ல சொல்லியிருந்தா கோல்பிய அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. எழுதி வச்ச விதி இருக்கு. தட்டுனதுக்கு என்ன விதி இருக்கு?" அவன் கோபமாகப் பேசவில்லை, விளக்கிக்கொண்டிருந்தான். "முன்னால அவனுங்க வாய்க்கு பயம் இருந்துச்சு. இப்ப அதுவும் இல்ல."

வெர்டெல் அன்றே வகுப்பில் தட்டலை நிறுத்தினார். வெளியே நிற்கவில்லை.

அந்த வார இறுதியில் மலாகாயின் அம்மா ரோஷெல் ஓக்ஸ் பள்ளியின் கார் நிறுத்துமிடத்தில் வெர்டெலுக்காகக் காத்திருந்தார். ரத்தச் சுத்திகரிப்பு மையத்தில் உதவியாளர் வேலை, சீருடையோடே வந்திருந்தார். இருவரும் ஒரே சர்ச். ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டுக்குழுவில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பவர்கள்.

"சிஸ்டர் டார்டன், சண்டை போட வரல. அந்தப் புத்தகத்தப் பாடத்துலருந்து எடுத்துருங்க."

"புத்தகத்த எடுத்தா தட்டுறது நின்னுருமா ரோஷெல்?"

"நிக்காது. அடுத்த வருஷம் வர்ற பிள்ளைக்குப் புதுசா ஒண்ணு கிடைக்காதுல்ல?"

"புத்தகம் தூக்குல போட்டவங்களத் திட்டுது. நம்ம பக்கம் பேசுது."

"நம்ம பக்கம் பேசுறவங்க நம்மள என்னன்னு கூப்பிடுறாங்கன்னு பக்கத்துக்குப் பக்கம் இருக்கே! எனக்கும் படிக்கத் தெரியும், சிஸ்டர்."

வெர்டெல் அப்போது ஈஸம் ரால்ஸைப் பற்றிச் சொன்னார். குடும்பத்துக்கு வெளியே அவர் அதை விவரமாகச் சொன்னது அதுதான் முதல்முறை. ஆறு, பத்திரிகை, இரண்டு பெண்கள் எல்லாவற்றையும் சொன்னார். ரோஷெல் குறுக்கே பேசாமல் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கர்த்தர் அவருக்கு இளைப்பாறுதல் குடுக்கட்டும்," என்றார். "செத்தவருக்கு ஒரு கல்லு வேணும், எனக்குப் புரியுது. அத நட்டு வைக்க என் பிள்ளை முதுகுதான் கெடச்சுதா?"

பல மாதம் கழித்து வெர்டெல் இதை என்னிடம் அப்படியே சொன்னார்.

இன்னொரு புகார் அதே வாரத்தில் வந்தது. பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருக்கும் கெர்ரி ஆன் ஸ்டோக்ஸின் மகள் நாவலைப் படித்துவிட்டு அழுதுகொண்டே வீட்டுக்குப் போய், "அம்மா, நம்ம கொள்ளுத்தாத்தாவும் அந்தக் கூட்டத்துல இருந்தாரா?" என்று கேட்டுவிட்டாள். விடை ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் கேள்வி அவ்வளவு ஆபாசமாகப் பட்டது. வெள்ளைக் குழந்தைகளுக்குக் குற்ற உணர்ச்சியை ஊட்டும் புத்தகம் என்று கெர்ரி ஆன் கையெழுத்து வேட்டையில் இறங்கினார். ரோஷெலைத் தேடி ரத்தச் சுத்திகரிப்பு மையத்துக்கே வந்தார்.

"நாம ரெண்டு பேரும் அம்மாக்கள்தானே ரோஷெல்? ரெண்டு பேர் பிள்ளைங்களுக்கும் ஒரே வேதனை."

"உங்க பொண்ணு ஒருநாள் அழுதா. என் பையன் சோறு தின்னுறதில்ல. அது ரெண்டையும் ஒண்ணா கட்டாதீங்க. பேனாவக் குடுங்க, கையெழுத்து மட்டும் போடுறேன்."

இப்படியாக, வெள்ளையர் சர்ச்சுகளும் கறுப்பர் சர்ச்சுகளும் எங்கள் மாவட்ட வரலாற்றில் முதல்முறையாக ஒரே தாளில் கையெழுத்திட்டன. ஒற்றுமை வேண்டும் என்று காலமெல்லாம் ஜெபித்துவந்த எங்கள் போதகர்கள், கிடைத்ததும் அதை என்ன செய்வது என்று தெரியாமல் முழித்தார்கள்.

கோச் பெட்டிக்ரூ வெர்டெலைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"நீங்களே விட்டுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க வெர்டெல். கூட்டம், ஓட்டு எதுவும் வேணாம். வேற நாவல் எத்தனை கெடக்கு! திமிங்கிலம் பத்தி ஏதாவது நடத்துங்க. திமிங்கிலத்துக்கு யாரும் சொந்தக்காரங்க வரமாட்டாங்க."

"எனக்கு மூணு நிமிஷம் குடுங்க கோச். கூட்டத்துல பேசுறேன்."

மூன்று நிமிடம் என்பது எங்கள் ஊர் ஜனநாயகத்தின் அளவு. கல்விக்குழுக் கூட்டத்தில் பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் மூன்று நிமிடம் பேசலாம். மேடைமேல் மூன்று விளக்குகள்: பச்சை, மஞ்சள், சிவப்பு. சிவப்பு எரிந்தால் வாக்கியத்தின் நடுவிலும் உட்கார வேண்டும். இன்னொரு விதியும் உண்டு. பேசுபவர்கள் தனிநபர் யாருடைய பெயரையும் சொல்லக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரரின் நாயைப் பற்றியெல்லாம் இங்கே வந்து பேசியதால் வந்த விதி அது.

கூட்டத்தன்று உட்கார இடமில்லை. கெர்ரி ஆன் பேசி அழுதார். ரோஷெல் அழாமல் பேசினார், பச்சை விளக்கு அணைவதற்குள்ளேயே முடித்துவிட்டார். மலாகாய் வரவில்லை. பிறகு வெர்டெல் எழுந்து போனார். சர்ச்சுக்குப் போடும் நீல உடை போட்டிருந்தார்.

"நான் பதினோராம் வகுப்புக்கு இலக்கியம் எடுக்கிறேன். இந்தப் புத்தகத்துல பையன்னு வர்றவர் பையன் இல்ல. முப்பத்தஞ்சு வயசு. நான் இத்தனை வருஷமா எந்தப் பிள்ளைகிட்டயும் சொல்லல. அவர் எங்கம்மாவோட தாய்மாமன். அவர் பேரு ஈஸ—"

ஒலிபெருக்கி நின்றது. தலைவர் நாற்காலியிலிருந்த ட்ரிப் லாசிட்டர் உண்மையான வருத்தத்தோடு கையை உயர்த்தினார்.

"மன்னிக்கணும் மிஸ் வெர்டெல். தனிநபர் பேரு சொல்லக் கூடாது. உங்களுக்கே தெரியும்."

"அவர் செத்துத் தொண்ணூறு வருஷமாச்சு ட்ரிப்."

"என் பேரையும் சொல்லக் கூடாதும்மா."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. ட்ரிப் நியாயமானவர். சந்தேகம் என்று வந்துவிட்டதால் குழுவின் வழக்கறிஞரைக் கேட்டார். வழக்கறிஞர் தடித்த புத்தகத்தைப் புரட்டினார். விளக்கு யாருக்காகவும் காத்திருக்கவில்லை, மஞ்சளுக்கு மாறியது.

"விதியில உயிரோட இருக்கணும்னு எங்கயும் இல்ல," என்றார் வழக்கறிஞர் கடைசியில். "தனிநபர்னுதான் இருக்கு. செத்தவரும் தனிநபர்தான்."

"அவர் ஒரு தனிநபர்னு இந்த ஊர் ஒத்துக்கிறது இதுதான் முதல் தடவை," என்றார் வெர்டெல். ஒலிபெருக்கி இன்னும் வேலை செய்யவில்லை. முதல் இரண்டு வரிசைக்குத்தான் கேட்டது.

ஒலிபெருக்கி திரும்ப வந்தபோது அவர் குழுவைப் பார்க்கவில்லை, ரோஷெல் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பினார். மிச்சம் இருந்தது அரை நிமிடமோ என்னவோ. அதை எப்படிச் செலவழிப்பது என்று அவர் அங்கேதான் முடிவு செய்தார் என்று நினைக்கிறேன்.

"பிள்ளைங்களத் தட்டித் தட்டிக் கொல்லுறாங்களே, அந்தத் தட்டல் புத்தகத்துல இல்ல. நான் கண்டுபிடிச்சது. பிள்ளைங்க காயப்படக் கூடாதுன்னு செஞ்சேன். சத்தமில்லாம காயப்படுத்துறது எப்படின்னு கத்துக் குடுத்துட்டேன். தப்பு என்னோடது. என்னைய எடுத்துருங்க. புத்தகத்த விட்டுருங்க. இந்த ஊர்ல அவருக்கு வேற—"

சிவப்பு.

குழு உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தது. அதிக நேரம் எடுக்கவில்லை. புத்தகத்தை நீக்கினால் ஜூலைத் திருவிழாவை என்ன பெயரில் நடத்துவது என்ற கவலை எல்லோருக்கும் இருந்தது. சொந்த நாவலையே தடைசெய்த ஊர் என்று தொலைக்காட்சியில் வந்தால் பஸ்கள் வராது. மக்கள் கோபத்துக்கும் ஏதாவது செய்தாக வேண்டும். இரண்டுக்கும் வழியை வெர்டெலே அவர்கள் கையில் கொடுத்துவிட்டார்.

ட்ரிப் எழுந்து தீர்மானத்தைப் படித்தார். பிரச்சினை புத்தகத்தில் இல்லை, கற்பித்த முறையில்தான் என்பது தெளிவாகிவிட்டது. ஆகவே 'நீதிபதியின் தோட்டம்' பாடத்தில் தொடரும். தட்டுவது இனிமேல் தண்டனைக்குரியது. நாவல் எழுதப்பட்டபடியே, எதையும் கூட்டாமல் குறைக்காமல் படிக்கப்படும். உள்ளூர்க் குடும்பங்களை அதோடு தொடர்புபடுத்தி வகுப்பில் பேசக் கூடாது. மிஸ் வெர்டெலின் நேர்மையைக் குழு பாராட்டுகிறது, அவருக்கு வேறு பொறுப்பு தரப்படும். குழு ஒருமனதாக ஓட்டுப்போட்டது.

எல்லோருக்கும் ஏதோ ஒன்று கிடைத்தது. கெர்ரி ஆனின் கொள்ளுத்தாத்தா தப்பித்தார். ரோஷெலுக்கு, தட்டலுக்கு இல்லை என்று அவர் மகன் சொன்ன விதி கிடைத்தது. வெர்டெலுக்கு அவர் கேட்ட இரண்டும் கிடைத்தன.

வெளியே கார்களுக்கு நடுவில் ரோஷெல் அவரை நிறுத்தினார்.

"நீங்க அங்க யாருக்காகப் பேசுனீங்க, சிஸ்டர்? என் பிள்ளைக்கா, அவருக்கா?"

"ரெண்டு பேருக்கும்னு நெனச்சேன்."

"ரெண்டு பேருக்கும் ஒண்ணும் கெடைக்கல." கார்ச் சாவியை எடுத்தார். "மலாகாய மேக்கன் டவுன்ல இருக்கிற எங்கக்கா வீட்டுக்கு அனுப்புறேன். டியூபா பள்ளிக்கூடத்துது, தரமாட்டாங்களாம். அங்க என்ன வாசிப்பானோ." அதன்பின் ரோஷெல் பாட்டுக்குழுவில் வேறு வரிசைக்கு மாறிக்கொண்டார்.

வெர்டெலின் இடத்துக்கு டானர் என்ற இளைஞர் வந்தார். மாலையில் பேஸ்பால் பயிற்சியும் கொடுப்பார். கெட்டவர் அல்ல. எழுதப்பட்டபடியே படிக்க வேண்டும் என்பதால் எழுதப்பட்டபடியே படிக்கிறார். அந்தச் சொல் வரும்போது குரலை மரியாதையாகத் தாழ்த்திக்கொள்கிறார், ஆனாலும் முழுதாகச் சொல்லிவிடுகிறார். கறுப்புப் பிள்ளைகள் அந்த நேரத்தில் மேசையைப் பார்க்கிறார்கள். வெள்ளைப் பிள்ளைகள் கறுப்புப் பிள்ளைகளைப் பார்க்கிறார்கள். பரீட்சையில் 'பீச் பையன்' பாத்திரத்தைப் பற்றி எல்லோரும் நன்றாக எழுதுகிறார்கள், மாவட்ட அளவில் மதிப்பெண் உயர்ந்திருக்கிறது.

வெர்டெலுக்குக் கிடைத்த வேறு பொறுப்பு தண்டனை அறை. தப்பு செய்த பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பாமல் நாள் முழுக்க உட்கார வைக்கும் ஜன்னலில்லாத அறை. இரண்டு பக்கமும் பலகை அடைத்த மேசைகளில் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். அங்கே பாடம் கிடையாது. பாடம் இல்லாததால் பாடத்துக்கான விதிகளும் கிடையாது. பாடம் எடுக்கும் ஆசிரியர்கள் பயிற்சித்தாள்களைக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள்.

அப்படி நான் தாள்களோடு போன ஒரு காலையில் உள்ளே கோல்பி ஸ்ட்ராண்ட் மட்டும் இருந்தான். புது விதியின்கீழ் பிடிபட்டவன். வெர்டெல் அவன் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"யாருக்காகத் தட்டுன கோல்பி?"

"மலாகாய்க்குன்னு ஆரம்பிச்சேன் மேடம். அவன்தான் போயிட்டானே. இப்ப சும்மா."

"அந்தத் தட்டு வர்ற இடத்துல ஒரு ஆள் இருக்காரு. புத்தகத்துல இருக்காரு. அவர் பேர் தெரியுமா?"

"பீச் பையன்."

"ஈஸம் ரால்ஸ். முப்பத்தஞ்சு வயசு. ரெண்டு பொண்ணுங்க. ஒருத்தி லூலா, ஒருத்தி பெர்ல். இந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால இருக்கிற ஆத்துல போட்டாங்க."

இத்தனை வருடங்களில் அவர் ஒரு மாணவனிடம் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்முறை. கோல்பி ஒரு வார்த்தையையும் விடாமல்தான் கேட்டான். பேனாவைக்கூடக் கையில் எடுத்துக்கொண்டான்.

"இது பரீட்சையில வருமா மிஸ் டார்டன்?"

"வராது."

"அப்ப எழுதிக்க வேணாம்ல?"

வெர்டெல் நாற்காலியைப் பின்னால் நகர்த்தி எழுந்தார்.

"வேணாம்," என்றார்.

அவன் நிம்மதியாகப் பேனாவை மூடி வைத்தான்.